ஒற்றைக் குச்சியின் ஆராய்ச்சி

ஜப்பானில் ஒரு வீட்டில், சோறு எடுத்துச் சாப்பிடும் மூங்கில் குச்சிகள் இரண்டு இருந்தன. ஒரே மூங்கிலில் பிறந்த அண்ணனும் தம்பியும். அண்ணன் கடல் தாண்டிப் போய், முள்கரண்டிகளிடம் பண்பாட்டுச் சமூகவியல் படித்துத் திரும்பியது. வந்ததுமே, அவை சொல்லிக்கொடுத்த கேள்விகளோடு சொந்த வீட்டை ஆராயத் தொடங்கியது.

"நீ தனியாக எவ்வளவு சோறு எடுப்பாய்?"

"தனியா எடுத்ததே இல்லையே அண்ணே. நீ போனதிலிருந்து சும்மாதான் கிடக்கிறேன்."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்."

"ஒரு பருக்கைகூட இல்லை."

தம்பி திறமையற்றது என்று அண்ணன் முடிவு சொன்னது. முள்கரண்டிகள் கடிதம் எழுதிப் பாராட்டின. வீட்டாரும் அதை நம்பி, தம்பியை ஜன்னலோரத் தொட்டியில் அவரைக் கொடிக்குக் கொழுகொம்பாக ஊன்றிவிட்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு மாலை அண்ணனுக்கு விருந்து. ஆவி பறக்கும் கிண்ணத்தில் அது மறுபடி மறுபடி குனிந்து பார்த்தது. ஒரு பருக்கைகூட ஏறவில்லை. பிறகு மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது.

"தம்பி, கொஞ்சம் வாயேன்."

"முடியாதே அண்ணே. இந்தக் கொடி என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இதுக்கும் தனியா நிக்கத் தெரியாதாம்."