வளைவில் ஒரு கால்

பத்தாவது சுற்றில், வடக்கு வளைவில், என் சக்கரம் ஒரு காலின் மேல் ஏறியது.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நஸீராவின் இடுப்பில் இடித்தேன். சொர்ணத்தின் தோளைத் தள்ளினேன். மற்ற இரண்டு பேரின் பூட்ஸிலும் என் பூட்ஸ் பட்டது. நான் குனியவே இல்லை.

குனியாமல் இருப்பதுதான் எனக்குப் பரீட்சை.

சொரிமுத்து மாஸ்டர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஏதோ ஒரு தேசத்தில் பார்த்துவிட்டு வந்த ஆட்டம் இது. காலில் சக்கரம் கட்டிய பெண்கள் வட்டமாக ஓடி, ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளிவிட்டு முந்த வேண்டும். அறுபத்து மூன்றாம் வருஷம் கப்பலை விட்டு இறங்கியவர், தாராவியில் மூடிக்கிடந்த ஒரு கோடவுனைப் பிடித்துச் சிமெண்ட் தளம் போட்டு, பெண்களைச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூர் மைதானத்தில் முதல் ஷோ. நாலு பேர் தயார். ஐந்தாவது இடத்துக்குத்தான் நான்.

விழாமல் ஓட இருபது நாளில் கற்றுக்கொண்டேன். இடிக்கக் கற்றுக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. ஒற்றை அறையில் ஆறு பேரோடு பிறந்து வளர்ந்தவள் நான்.

கால் படுவதுதான் தொல்லை. யார் மேல் என் கால் பட்டாலும் அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வலது கை தானாகப் போய்விடும். ஓடுகிற வேகத்தில் குனிந்தால் என்ன ஆகும்? நான் விழுவேன். பின்னால் வருகிறவள் என் மேல் விழுவாள். அவள் மேல் அடுத்தவள்.

“ஏட்டி முருகம்மா, நீ பந்தயத்துக்கு வந்தியா, கும்பிடு போட வந்தியா? இன்னைக்குப் பத்து சுத்து. ஒரு தடவ குனிஞ்சாலும் பட்டறைக்கே போயிரு,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மாஸ்டர்.

பட்டறை என்றால் தோல் பட்டறை. உப்புக் கட்டிய தோல்களை உதறி உதறி என் உள்ளங்கை வெடித்துப் போயிருந்தது. சோற்றில் குழம்பைப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். திரும்ப அங்கே போகக் கூடாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

வடக்கு வளைவில் மற்ற நாலு பேரும் எப்போதும் தள்ளியே போவார்கள். உள்பக்கம் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது, இதுகளுக்கு ஓடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். கடைசிச் சுற்றில் அந்த இடத்துக்குள் புகுந்தேன். நாலு பேரையும் ஒரே மூச்சில் முந்தினேன்.

அங்கேதான் அந்தக் கால் இருந்தது.

பூட்ஸ் இல்லை. வெறும் கால். சக்கரத்துக்கு அடியில் மெத்தென்று அமுங்கியது. நான் பதறுவதற்குள் கை போய்விட்டது. விரல் நுனியில் சில்லென்று ஒரு மெட்டி தட்டுப்பட்டது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம் விழுந்து, உருண்டு, சுவரில் போய் மோதினேன்.

திரும்பிப் பார்த்தால் வெறும் தரை. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக மத்தியான வெயில் அங்கங்கே வட்டமாக விழுந்து கிடந்தது.

என் இமை எரிந்தது. கையைப் பார்த்தேன். விரல் நுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தளத்தில் சுண்ணாம்பே கிடையாது. வளைவுக் கோடுகூடச் சிவப்புப் பெயிண்டில்தான் போட்டிருந்தது.

அதையெல்லாம் யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. போச்சு, இடம் போச்சு என்று அழுகை வந்துவிட்டது. மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

“வேணும்னு குனியல மாஸ்டர். ஒரு அக்கா கால்ல ஏத்திட்டேன்.”

அவர் திட்டவில்லை. நஸீராவும் மற்றவர்களும் வளைவுக்கு வராமல் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

“எந்தக் காலு?” என்றார் மாஸ்டர்.

“இடது காலு. மெட்டி போட்டிருந்தாவ.”

மாஸ்டர் கோட்டுக்கு உள்பக்கம் போய், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். தரையைக் கொஞ்ச நேரம் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுபடியும் தொட்டார். மொத்தம் மூன்று தடவை.

எழுந்தபோது அவர் இமையிலும் வெள்ளை.

“ஞாயித்துக்கெழம நீதான் அஞ்சாவது ஆளு,” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனிமேல் உப்பு இல்லை. யார் கால், எவர் மெட்டி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே நஸீராவிடம் கேட்டேன். அவள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

போன வருஷம் வரை கோட்டைச் சுண்ணாம்புத் தூளால்தான் போடுவார்களாம். மாஸ்டரின் வீட்டுக்காரி சண்முகவடிவு, பழக்கம் நடக்கும்போதே ஓரமாகக் குந்தி, அழிந்த இடத்தில் தூவிக்கொண்டிருப்பாளாம். ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்த மாஸ்டரின் சக்கரம் அவள் காலில் ஏறிவிட்டது. அவள் சாய்ந்ததில் பின்மண்டை தளத்தில் அடித்திருக்கிறது.

“உடனே நிறுத்தலையா?”

விழுந்தவர் தானாக எழுந்துகொள்ள வேண்டும், யாருக்காகவும் ஆட்டம் நிற்கக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டமாம். அவர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்றாவது முறை அந்த வளைவுக்கு வந்தபோதுதான், அவள் கால் இன்னும் கோட்டின் மேலேயே கிடப்பதைப் பார்த்தாராம்.