ஆடிப்பெருக்கன்று சைட்டில் கூட்டம்

ஆடிப்பெருக்கு சாயங்காலம். காலையில் பூசை போட்டு, அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை எங்கள் அச்சகத்தின் புது வெப்சைட்டில் ஏற்றியாயிற்று. வெளியூர் ஆர்டர் வந்தால்தான் இரண்டாவது மெஷின் ஓடும் என்று முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி சொல்லிவிட்டார். அந்த மெஷின் சும்மா நிற்கிறது. அதன் மேல் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. மை வாடையை மின்விசிறி சுற்றிச் சுற்றி அடிக்கிறது. சைட்டை இந்த நிமிடம் யார் பார்க்கிறார்கள் என்ற கணக்கை ஏஐயோடு இப்போதுதான் இணைத்து முடித்தேன். கண் எரிகிறது. "கேளுலே, எம்புட்டுப் பேரு இருக்காகன்னு," என்று அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போடுகிறார். கேட்கிறேன். நாற்பத்தோரு பேர் என்கிறது. அவர் முகம் மலர்கிறது. அடுத்த வரியும் வருகிறது: அனைவரும் சிவகாசி, ஆர்டர் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. "உள்ளூர்ல யாருலே நம்ம காலண்டரப் பாக்கா?" மற்றப் பெண்களோடு காகிதம் அடுக்கிக்கொண்டிருக்கும் அழகுமீனா நிமிராமலே சொல்கிறாள்: "நாங்கதான் அண்ணாச்சி. தொறந்த அன்னைக்குக் கடை காலியாக் கெடக்கக் கூடாது, எல்லாரும் போன்ல தொறந்து வைங்கன்னு காலைல நீங்கதான சொன்னீக. முருகன் படத்த மூணு தடவ பாத்தாச்சு, சார்ஜுதான் இல்ல." வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது. பெண்கள் போனை அணைத்துவிட்டு, தூக்குவாளியோடு எழுந்திருக்கிறார்கள். திரையில் எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கிறது. அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுக்கிறார், கண்ணாடியைத் தேடிப் போடுகிறார், விரலால் மெதுவாகத் தடவுகிறார். திரையில் ஒன்று என்று வருகிறது.