நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"காட்டுல தனியா மாட்டிக்கிட்டா எப்படித் தப்பிக்கிறதுன்னு சொல்ற புஸ்தகமா? இதையா அவளுங்க படிக்கிறாளுங்க?"

பண்ணை ஏஜெண்ட் குஞ்சிதபாதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாயவரத்துக்குக் கிழக்கே இருந்த அந்தக் கிளை நூலகத்துக்கு அவர் தினமும் ஓசிப் பேப்பர் படிக்க வருகிறவர்தான். அன்று வந்தது துப்புத் துலக்க. வாய்க்கால்கரைக் குடிசைப் பெண்கள் என்ன புத்தகம் எடுக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி மிராசுதார் வைத்தியலிங்கம் அனுப்பியிருந்தார். கம்யூனிஸ்டுகளின் சிவப்புப் புத்தகமாக இருக்குமோ என்று மிராசுதாருக்குச் சந்தேகம்.

"வேம்புதான் எடுத்துட்டுப் போயி எல்லாருக்கும் படிச்சுக் காட்டுது சார். இப்ப அந்தக் கரையில இதுதான் ஓடுது," என்றார் நூலகர் நடராசன். "மூணு வருஷமா ஒருத்தர் கை படாம தூசி அடைஞ்சு கெடந்த புஸ்தகம். ரெண்டு தடவை எடுத்தாச்சு."

குஞ்சிதபாதத்துக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. குடிசை மனை அதில் குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குத் தாசில்தார் வந்து, நிற்கிற குடிசைகளுக்குப் பட்டா எழுதப் போகிறார். அதற்குள் அங்கே ஒரு குடிசையும் நிற்கக் கூடாது என்பது பண்ணை உத்தரவு. ஆண்கள் எல்லாம் கூலிப் போராட்டத்தில் ஜெயிலில் இருக்கிறார்கள். பெண்கள் வேறு எங்கே போவார்கள்? காட்டுக்குத்தான். அதற்குத்தான் இந்தப் படிப்பு!

அந்த நேரம் பார்த்து வேம்பு உள்ளே வந்தாள். எட்டாவது வரை படித்தவள், நடவு நட்ட சேறு இன்னும் காலில் காயவில்லை. "சார், இதை இன்னும் ஒரு நாளைக்கு எழுதிக் குடுங்க. நாளைக்கு வேலை இருக்கு," என்று புத்தகத்தை மேஜையில் வைத்தாள்.

வைத்ததுமே அது தானாக ஒரு பக்கத்தில் விரிந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மற்ற தாள்கள் புத்தம் புதிதாக இருக்க, அந்த ஒன்று மட்டும் பல கை பட்டு அழுக்கேறிப் போயிருந்தது. பின்னங்காலில் எழுந்து நிற்கும் ஒரு கரடியின் படம்.

"தஞ்சாவூர் ஜில்லாவுல கரடி எங்கடி இருக்கு?" என்றார் குஞ்சிதபாதம்.

வேம்பு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கும் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுதானுங்களே."

அன்று மாலையே அவர் மிராசுதாரிடம் போய்ச் சொன்னார். "இருபது ஆளெல்லாம் எதுக்குங்க? அவளுங்க காட்டுக்குப் பொறப்படத் தயாராயிட்டாளுங்க. கூரையப் பிரிக்க நாலு பேரு போதும்." மிராசுதாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

மறுநாள் குஞ்சிதபாதம் அவசரமே படவில்லை. சாவகாசமாக நாலு இட்லி சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒன்பதரை மணிக்குத்தான் கடப்பாரை ஆட்களோடு வாய்க்கால்கரை ஏறினார்.

"ஏய்! யாருடி அங்க?"

அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூலைக்கொருத்தியாகச் சிதறி ஓடுவது அந்தக் கரையின் பதினைந்து வருஷ வழக்கம். இன்று ஒருத்தியும் ஓடவில்லை. முப்பது பெண்கள் குடிசைகளிலிருந்து வெளியே வந்தார்கள். பிள்ளைகளைப் பின்னால் விட்டுவிட்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மூட்டை முடிச்சு எதையும் காணோம்.

"என்னடி வேடிக்கை காட்டுறீங்க? கலைஞ்சு போங்கடி!"

அத்தனை கண்களும் அவர் முகத்திலேயே இருந்தன. இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை ஒருத்தியும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனாலும் விடாமல் ஓர் அடி முன்னால் வைத்தார்.

முப்பது பேரும் ஒரே சமயத்தில் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி முந்தானையை விரித்தார்கள். யாரோ அலுமினியக் குண்டானில் ஓங்கி அடித்தார்கள். அடுத்த நொடி முப்பது தொண்டையிலிருந்தும் ஒரே கூச்சல் கிளம்பியது. வயலில் மேய்ந்த கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

குஞ்சிதபாதம் திரும்பிப் பார்த்தார். நாலு கடப்பாரைகள் தரையில் கிடந்தன, ஆட்களைக் காணோம். பெண்கள் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். அவர் ரெண்டடி பின்னால் போனார். ரோட்டுப் பக்கம் மட்டும் அவர்கள் ஒரு வழியை விட்டு வைத்திருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. விழுந்தடித்து ஓடினார். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

எதிரே தாசில்தாரின் ஜீப் வந்துகொண்டிருந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி அவரையே பார்த்தார்கள். மானம் போனது ஒரு பக்கம், பின்னால் யாரோ துரத்தி வரும் காலடிச் சத்தம் ஒரு பக்கம். உலக்கையோடு வந்தவள் ராமாயி. போன அறுப்பில் அவள் புருஷனைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து அடித்தவர் இவர்தான்.

அப்போது வேம்புவின் குரல் கணீரென்று கேட்டது.

"நில்லு ராமாயிக்கா! ஓடுற கரடியைத் தொரத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு!"