ஒரே கிண்ணம்

பெரியதம்பி சர்ச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் தங்கராஜு அண்ணன் திருவிருந்து எடுக்கமாட்டார்.

நான் மெர்லிமாவிலிருந்து அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போன வருஷம் அது, தொண்ணூற்று நாலு. தோட்டத்து சர்ச்சுக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் பிரசங்கம் கேட்காது. பாஸ்டர் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார், நாங்கள் பாட்டு மட்டும் பாடுவோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லாருக்கும் ஒரே கிண்ணம்.

அன்றும் பெரியதம்பி வந்திருந்தார். எல்லாரும் முன்னால் போய் முழங்கால் போட, தங்கராஜு அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

“ஏன்க்கா இப்படி?” என்று பக்கத்தில் இருந்த பெத்தம்மாள் அக்காவிடம் கேட்டேன்.

“திருடன் வாய் வைக்கிற கிண்ணத்துல அவரு எப்படிக் குடிப்பாரு? பன்னண்டு வருஷமா இந்த சர்ச்சக் கூட்டிக் கழுவுற மனுஷன்லா.”

“திருடனா?”

“எண்பத்திரண்டுல ஸ்டோர்லேர்ந்து ரப்பர் ஒட்டுப்பால் மூட்டை காணாமப் போச்சு. பெரியதம்பி அப்ப கள்ளுக்கடையே கதின்னு கெடந்த ஆளு. வேற யாரு எடுத்திருப்பா? தொரை அன்னிக்கே வேலையிலேர்ந்து நிப்பாட்டிட்டாரு. கோலா சுங்கை பாருவுக்கு மீன் தூக்கப் போனவரு, அங்க ஞானஸ்நானம் எடுத்துட்டு இப்பத் திரும்பி வந்திருக்காரு.”

எனக்கும் அண்ணன் செய்வது சரியென்றே பட்டது. அடுத்த வாரத்திலிருந்து பெரியதம்பி வந்தால் நானும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தேன்.

மூன்றாவது மாதம் பாஸ்டரே கேட்டுவிட்டார். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பெரியதம்பி கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“நல்லவங்கன்னு யாரும் அந்த மேசைக்கு வரல, தங்கராஜு. கர்த்தரோட கிருபைய நம்பித்தான் எல்லாரும் வர்றோம். பெரியதம்பிய மன்னிக்கிறது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா?”

தங்கராஜு அண்ணன் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார்.

“மன்னிக்கிறதுக்கு நான் யாரு, பாஸ்டர்? அந்த மூட்டைய எடுத்தது நான்.”

அண்ணன் பாஸ்டரைப் பார்த்தே மேலே சொன்னார்.

“வீட்டுக்காரி அப்ப மலாக்கா ஆஸ்பத்திரியில கெடந்தா, கையில காசில்ல. பழி அவரு மேல விழுந்தப்ப பேசாம இருந்துட்டேன். சர்ச்சக் கூட்டிக் கழுவினா அந்தப் பாவம் தீந்துரும்னு நெனச்சேன். தீரல. அவரு மொகத்தப் பார்த்துக்கிட்டு அந்தக் கிண்ணத்த நான் எப்படித் தொடுவேன்?”

பெத்தம்மாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

தங்கராஜு அண்ணன் நடந்து போய்ப் பெரியதம்பியின் முன்னால் நின்றார்.

“அண்ணே, என்னை மன்னிச்சிருங்க.”

பெரியதம்பி அண்ணன் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை.

“மன்னிச்சுப் பன்னண்டு வருஷம் ஆச்சுலா, தங்கராஜு. நீ சைக்கிள்ல மூட்டையக் கட்டினத நான் பார்த்தேன். நான் ஒண்டிக்கட்டை, ஒனக்கு ரெண்டு பிள்ளைங்க. அதான் தொரைகிட்ட வாயத் தொறக்கல.”