ஏழாவது ரீல்

அப்துல் வஹீத் ரீலைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நீளநீளமாகக் கோடுகள். இரண்டு வாரம் கொட்டகையில் இருந்துவிட்டு இன்று காலைதான் திரும்பி வந்த படப்பெட்டி அது. மற்ற ரீல்கள் எல்லாம் அனுப்பினபடியே இருந்தன, ஏழாவது மட்டும் ஓட்டி ஓட்டித் தேய்ந்து நாசம்.

"இதை மட்டும் தனியா எடுத்துக்கினு போய் வேற கொட்டாய்ல ஓட்டிக்கீறே. உண்மையைச் சொல்லு."

எதிரே நின்ற அந்தோணியம்மாள் தலைகுனியவில்லை. ஊரூர்க் குப்பத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் கீற்றுக் கொட்டகை போட்டுப் படம் காட்டுகிறவள்.

"வேற எங்கயும் போவல பாய். என் கொட்டாய்லதான் ஓட்டினேன். பகல்ல, சாக்கு கட்டி இருட்டாக்கிக்கினு, அந்த ஒரு ரீலை மட்டும். திரும்பத் திரும்ப."

"யாருக்கு?"

"சொல்றதுக்கில்ல. வாக்கு குடுத்துட்டேன்."

வஹீத் ரீலைப் பெட்டியில் போட்டார். மயிலாப்பூரில் வீட்டு முன்னறையையே ஆபீசாக்கி, ஊர் ஊராகப் படப்பெட்டி அனுப்புகிறவர் அவர். யுத்தம் வந்து பிலிமுக்குப் பஞ்சம். ஒரு ரீல் கெட்டால் இன்னொன்று போட வழியில்லை.

மற்ற கொட்டகைகளுக்கெல்லாம் பெட்டியோடு தன் ஆளையும் அனுப்புவார், திருட்டு ஷோ நடக்கிறதா என்று பார்க்க. ஆறு வருஷமாக ஆள் இல்லாமல் பெட்டி போனது இவள் ஒருத்திக்குத்தான். அதை நினைத்தபோது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

"அந்த ரீல்ல அப்படி இன்னாதான் கீது?"

"நீங்க படத்தைப் பாக்கலியா பாய்?"

"நான் விக்கிறவன். வேஷம் கட்டறதும் அதைப் பாக்கறதும் எங்க குடும்பத்துக்கு ஆவாது." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

வீட்டுக் கவலை போதாதென்று இது வேறு. மூன்று வருஷத்துக்கு முன், சினிமாவில் வேஷம் கட்டுவதைப் பற்றி அவரோடு சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குக் கப்பலேறினான் மகன் ஷரீஃப். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு அவனிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. மனைவி அஸ்மத்துன்னிசா இரண்டு வாரமாகத் தினமும் தர்காவுக்குப் போய் அழுதுவிட்டு வருகிறாள். வாசலில் கிடந்த அவள் செருப்பில் கடல் மணல் ஒட்டியிருந்தது.

"ஈஸ்டருக்கு உனக்குப் பெட்டி இல்ல. இனிமே எப்பவும் இல்ல."

அந்தோணியம்மாளின் முகம் வாடிப்போயிற்று. "ஈஸ்டருக்குப் படம் இல்லேன்னா கொட்டாயைப் பிரிச்சுட வேண்டியதுதான் பாய். என்னை நம்பி ஒம்போது பேரு கீறாங்க."

"அப்போ பேரைச் சொல்லு. யாருக்கு ஓட்டினே?"

அவள் உள்கதவில் தொங்கிய திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பெட்டிக்காக வாக்கு தவறினா, அப்புறம் நீங்களே என்னை நம்ப மாட்டீங்க பாய்." அழுகையை அடக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வஹீத் தடுக்கவில்லை.

திரை அசைந்தது. வியாபாரத்துக்கு வருகிற யார் முன்னாலும் ஒரு நாளும் வாய் திறக்காத அஸ்மத்துன்னிசாவின் குரல் அதன் பின்னாலிருந்து கேட்டது.

"அவங்களைப் போவ விடாதீங்க. அந்த ரீல்லதான் நம்ம ஷரீஃப் வர்றான்."