நாற்பது சால்வைகளுக்கு ஒரு பூ

அது பூ இல்லை என்று எனக்குச் சொல்லிவிட்ட பிறகும் சத்யப்ரியா அதைப் பூ என்றேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என் கணினித் திரையில் கருநீலத்தின் மேல் ஓர் ஆரஞ்சு வளையம். ஓரமெல்லாம் பிசிறு. நாள்பட்ட தயிர்சாதத்தில் படர்கிற பூஞ்சையைப் போல.

அவள் சென்னையில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் அவர்கள் நடத்தும் விழாவுக்கு நாற்பது பட்டுச் சால்வைகள் வேண்டுமாம். பட்டுக்கடைக்காரர் அவளை என்னிடம் அனுப்பியிருந்தார். தறிக்கு டிசைன் போடுவது என் தொழில். எந்தப் படத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன்.

"மருந்த தூசியவிடச் சின்னத் துகளுக்குள்ள வச்சு உடம்புல ஏத்துறோம்க்கா. அது எங்க போவுது, எப்ப துகள விட்டு வெளிய வருதுன்னு ஸ்கேன்ல தெரிஞ்சிடும். ஆரஞ்சு கலர்ல இருக்குது பாருங்க, அதெல்லாம் வெளிய வந்த மருந்து. செம அழகு இல்ல?"

ஊசி போட்டு ஒரு மணி நேரம், ஆறு மணி நேரம், இருபத்து நாலு மணி நேரம் கழித்து எடுத்த மூன்று படங்கள். மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது.

யாரோ ஒருவருடைய ஈரல்.

"பேரெல்லாம் எடுத்தாச்சு, வெறும் நம்பர்தான்" என்றாள், நான் கேட்காமலே.

பக்கத்து அறையில் என் கணவர் ஜெயக்குமார் மறுபடி ஓங்கரித்தார். பக்கெட்டில் விழும் சத்தம். சத்யப்ரியா துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று மாதமாகக் கழுவுகிறேன், எனக்கே பழகவில்லை. அதுவும் ஏறக்குறைய இதே நிறம்தான்.

நாளைக்கு அவருக்கு நாலாவது ஊசி. புது மருந்து, சோதனைக்குச் சேர்த்திருக்கிறார்கள். வேண்டாம் என்று குழந்தை மாதிரி அழுதார். மருந்து கட்டிக்குள் நன்றாக இறங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, இன்று காலையில்தான் சம்மதிக்க வைத்தேன்.

"நடுவுல கறுப்பா ஓட்ட மாதிரி இருக்குதே, அதுல மட்டும் ஜரிகை நிரப்பிடுங்கக்கா."

அங்கே மட்டும் ஏன் நிறமே வரவில்லை என்று கேட்டேன்.

அதுதான் கட்டி என்றாள். மருந்து உள்ளே நுழையவில்லை, சுற்றியே நின்றுவிட்டது. அதனால் என்ன, துகளை விட்டு மருந்து வெளியே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டார்களே, விழாவே அதற்குத்தான் என்றாள்.

ஜரிகை நிறத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். பத்துக் கட்டம். இருபது. முகம் தெரியாத ஒருவருடைய கட்டி என் விரலடியில் தங்கமாகிக்கொண்டிருந்தது.

"அப்படியே ஓரத்துல அந்தக் கோடுங்களையும் அழிச்சிடுங்க. விலா எலும்புங்க. ஒண்ணு வேற கோணலா நிக்குது, பார்டர் பக்கம் அசிங்கமா இருக்கும்."

படத்தை நகர்த்தினேன்.

கீழிருந்து மூன்றாவது எலும்பு. எப்போதோ உடைந்து, ஒரு முனை இன்னொன்றின் மேல் ஏறி, அப்படியே கூடிவிட்டிருந்தது. சின்னப் படிக்கட்டு மாதிரி.

மௌஸிலிருந்து கையை எடுத்தேன். புடவையில் துடைத்தேன். போதவில்லை. மறுபடி துடைத்தேன்.

"என்னாச்சுக்கா?"

நிரப்பிய கட்டங்களை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினேன். பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று படங்களையும் பிரிண்ட் எடுத்தேன்.

பக்கத்து அறையிலிருந்து, அடித்தொண்டையில், "குழலி, காலைல எத்தன மணிக்குமா பஸ்ஸு?"

"ஆறு மணிக்கு. போறோம். ஆனா ஊசிக்கு இல்ல, இந்தப் படத்தக் காட்டிக் கேக்க" என்றேன்.

மாகறல் பாதையில் வண்டி சறுக்கி விழுந்து அவர் அந்த எலும்பை உடைத்துக்கொண்டபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். அன்றிலிருந்து பதினெட்டு வருடமாக, தூங்கும்போது என் கை அந்தப் படியின் மேல்தான் இருக்கிறது.