கொல்லைக் கதவு திறந்த நாள்

தியாகி அருணகிரியின் வீட்டை நினைவு இல்லமாக்கியபோது வாசல் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

"வர்றவங்க எல்லாரும் என்னைத் தொட்டுக் கும்பிடுறாங்க. ஐயா நடமாடின வாசல் இல்லையா?" என்று வாசல் கதவு பெருமை பேசும்.

"வெள்ளைக்காரன் போலீஸ் உன்னைத் தட்டினப்பல்லாம் ஐயா என் வழியாத்தானே தப்பிச்சுப் போனார்?" என்று கொல்லைக் கதவு கேட்கும்.

"அதை வெளியில சொல்லாதே. ஐயாவுக்கு மரியாதையா இருக்காது."

சுதந்திர தினத்தன்று மந்திரி வந்தார். வாசல் கதவுக்கு மாலை போட்டார்கள். உள்ளே அவர் தியாகியின் படத்துக்குப் பூத் தூவிக்கொண்டிருந்தபோது, குழாயில் தண்ணீர் வராத தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மந்திரியிடம் கேட்காமல் நகர மாட்டோம் என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப் பூட்டு திறந்தது.

"மந்திரி என் வழியா போறார்," என்றது கொல்லைக் கதவு. "வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வாழை மரங்களுக்கு நடுவுல, அப்படியே நம்ம ஐயா மாதிரி. உன் பக்கம் யாரு வந்திருக்கா, வெள்ளைக்காரனா?"

வாசல் கதவு குடங்களைப் பார்த்தது.

"இல்லை," என்றது மெதுவாக. "நம்ம ஜனங்கதான்."